லைன் வீட்டைப் பேணும் முறை

நொய்யலாற்றின் கரையில் 1920-களில் ஒன்றிரண்டு பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், 1970-களின் இறுதியில் கடல் கடந்த வியாபாரமாக விரிவடைந்தது. முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்தும், பிற்காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்களை அது திருப்பூருக்கு இழுத்துக்கொண்டபோது, அத்தனை பேருக்கும் தலைசாய்க்க இடம் வேண்டியிருந்தது. அந்தத் தேவையைப் பெரும்பாலும் பூர்த்தி செய்தவர்கள் சாதாரணக் கிருகஸ்தர்களே. தோட்டம் வைத்திருந்த குடியானவரும், மளிகைக்கடைக்காரரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும், கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து நாலு காசு சேர்த்தவரும், தங்களிடமிருந்த ஐந்து சென்ட், பத்து சென்ட் பூமியில் பொதுச்சுவர் வைத்து வரிசையாக அறைகளைக் கட்டி, ஒரு கோடியில் கக்கூசும் குளியலறையும் அமைத்து, நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து, குடித்தனத்துக்கு விட்டார்கள். வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், பி.என். ரோடு, மங்கலம் ரோடு, வீரபாண்டி, நல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நாம் காணும் லைன் வீடுகள் இப்படி உண்டானவையே.

இவ்வீடுகளில் பல இன்று முப்பது, நாற்பது வயதைக் கடந்துவிட்டன. கட்டியவர் காலத்துக்குப் பிறகு அவர் மகனோ மகளோ வாடகையை வாங்குகிறார்கள். பழுது பார்க்க வேண்டிய தருணம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்திருக்கிறது. இந்தச் சமயத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது சுவருக்கு வர்ணம் அடிப்பது. அடுத்தது வாசலுக்கு டைல்ஸ் ஒட்டுவது. அவ்விரண்டையும் காட்டி வாடகையை உயர்த்துவது மூன்றாவது. என் திடமான அபிப்பிராயம் என்னவென்றால், திருப்பூர் மண்ணிலும் திருப்பூர் தண்ணீரிலும் நிற்கும் ஒரு வீட்டுக்கு இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. தண்ணீர், கக்கூசு, கூரை, கரண்டு ஆகிய நான்கும் செம்மையான பிறகே வர்ணம் வரவேண்டும். லைன் வீட்டின் வருமானம் உயர்ந்த வாடகையில் இல்லை. குடியிருப்பவர் ஆண்டுக்கணக்கில் தங்குவதில் இருக்கிறது. அவர் தங்குவதும் காலி செய்வதும் சுவரின் நிறத்தைப் பொறுத்ததல்ல.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். திருப்பூர்க்காரர் நல்ல தண்ணி என்றும் உப்புத் தண்ணி என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது எல்லாரும் அறிந்ததே. நல்ல தண்ணி நகராட்சி காலத்திலிருந்து படிப்படியாக வந்த குடிநீர்த் திட்டங்களின் வழியே தொலைவிலிருந்து வருவது. அதுவும் அன்றாடம் வராமல், பகுதிக்கேற்ப நாள் இடைவெளி விட்டே வருவது. உப்புத் தண்ணி நம் ஆழ்துளைக் கிணற்றில் ஊறுவது. சாயப்பட்டறைக் கழிவு பல காலம் நொய்யலிலும் நிலத்திலும் இறங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவிட்டதும், கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளிவிடலாகாது என்ற நியதி நிலைபெற்றதும் ஊரறிந்த சரித்திரம். ஆனால் ஆற்றில் விடுவது நின்றதனாலேயே நிலத்தடியில் சேர்ந்த உப்பு அந்த வருஷமே மறைந்துவிடுவதில்லை. ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கரைந்த உப்பின் அளவையும் குளோரைடின் அளவையும் எழுத்தில் வாங்கி வைத்திருப்பது அவசியம். குடிநீருக்குரிய இந்தியத் தர நிர்ணயம் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதையே விரும்பத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாதபோது 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. உங்கள் கிணறு எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிந்த பிறகே மற்ற எல்லா யோசனைகளும் பொருந்தும்.

தொட்டிகளை நிர்ணயிப்பதற்கும் கணக்கு வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுவான அளவு. பத்துக் குடித்தனம், குடித்தனத்துக்கு நான்கு பேர் என்று கொண்டால் அன்றாடத் தேவை 5,400 லிட்டர். இதை முழுவதும் நல்ல தண்ணீரால் நிறைவேற்றுவது நம் ஊரில் ஆகிற காரியமல்ல. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால், நாற்பது பேருக்கு ஐந்து நாளுக்கு 4,000 லிட்டர்தான் வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு மூடியுள்ள தனித் தொட்டி ஒன்றைத் தரைக்குக் கீழே கட்டி, அதிலிருந்து வாசலில் ஒரு தனிக் குழாயை வைத்துவிட்டால், குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடும் பெண்களுக்குள் நேரும் மனஸ்தாபங்களில் பெரும்பகுதி அன்றோடு ஓய்ந்துவிடும். உப்புத் தண்ணிக்கு மாடித் தொட்டி வேறு, குழாய் வேறு. இரண்டையும் ஒரே குழாயில் கலக்க இடங்கொடுக்கும் வால்வு எதுவும் இருக்கலாகாது. எவ்வளவு எச்சரித்தாலும் யாராவது ஒருநாள் அதைத் திருப்பிவிடுவார்கள்.

மோட்டார் போடும் நேரத்தையும் குடியிருப்பவரின் வேலை நேரத்தோடு ஒட்டியே அமைக்கவேண்டும். காலை எட்டரைக்குப் போனவர் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குத்தான் கம்பெனியை விட்டு வெளியேறுகிறார். வீடு வந்து சேர ஒன்பதாகிறது. பகல் பதினொரு மணிக்குத் தொட்டியை நிரப்பி, இரவு எட்டு மணிக்குள் அது காலியாக இடங்கொடுக்கும் வீட்டுக்காரர், பஞ்சுத் தூசு படிந்த உடம்போடு வந்து நிற்பவருக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் செய்கிறார். விடியற்காலையிலும் இரவு ஒன்பதுக்கு முன்னும் மாடித் தொட்டி நிறைந்திருக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் மனிதருக்குச் செய்யும் தீங்கைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கட்டடத்துக்குச் செய்வதைக் கவனிப்பவர் குறைவு. பத்து வருஷத்துக்கு முன் போட்ட ஜி.ஐ. குழாயின் துண்டு ஒன்றை பிளம்பர் அறுத்தெடுக்கும்போது கையில் வாங்கிப் பாருங்கள். முக்கால் அங்குலத் துவாரம் சுண்டுவிரலும் நுழையாதபடி பழுப்பும் வெள்ளையுமாக அடைத்துப்போயிருக்கும். மரை வெட்டிய இடத்தில் இரும்பு காகிதம்போல் தேய்ந்திருக்கும். பைப்பு வாயில் கற்கண்டு பூத்ததுபோல் உப்பு படிந்து, திருகினால் திரும்பாமல், பலங்கொண்டு திருகியவுடன் உள்ளேயுள்ள ஸ்பிண்டில் கையோடு வந்துவிடும். இதைக் குடியிருப்பவரின் அஜாக்கிரதை என்று சண்டை பிடிப்பது நியாயமல்ல. அது தண்ணீரின் குணம். போர்த் தண்ணீர் ஓடும் வழி முழுவதையும் பி.வி.சி. வகைக் குழாயாக மாற்றி, சுவருக்குள் புதைக்காமல் வெளியே கிளாம்பு வைத்து ஓட்டி, பித்தளைப் பைப்புக்குப் பதில் நல்ல பிளாஸ்டிக் பைப்பையே பொருத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அடைக்கும் வால்வு வைத்துவிட்டால், ஒரு வீட்டில் பழுது நேரும்போது பத்து வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்தும் சங்கடம் நேராது. குழாய் சுவருக்கு வெளியே தெரிவது அழகல்ல என்று சிலர் சொல்வதுண்டு. ஈரம் ஊறிய சுவர் அதைவிட அழகல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் கான்கிரீட். கட்டுமானத் தண்ணீருக்கு இந்தியத் தரம் 456 விதிக்கும் வரம்பின்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் ஊரின் பல கிணறுகளில் ஊறும் தண்ணீர் இந்த வரம்பைத் தாண்டக்கூடியது. அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி ஆறவிட்ட தார்சுகள் எத்தனையோ. குளோரைடு கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. முதலில் கம்பி போன வழியே நேர்கோடாக விரிசல், பிறகு உள்கூரையில் வீக்கம், பிறகு ஒருநாள் தூங்குகிறவர் தலைமேல் காறை. நேர்கோட்டு விரிசலைக் கண்டவுடனேயே சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்று கேட்டால் உள்ளே கெட்டி. பொத்தென்று கேட்டால் பிரிந்துவிட்டது. பிரிந்த இடத்தில் மேலே சிமெண்டைப் பூசி வெள்ளையடிப்பது நோயை மூடிவைப்பதே. கம்பியின் பின்புறம் தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி இரும்பின் நிறம் தெரியச் செய்து, துருத்தடுப்புப் பூச்சும் பற்றுப் பூச்சும் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கவேண்டும். கம்பி கனம் குறைந்திருந்தால் மேஸ்திரியின் சொல்லோடு நில்லாமல் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டியே ஆகவேண்டும். அவர் சொல்லும்வரை அந்த அறையில் யாரையும் குடிவைக்கலாகாது. புதிதாகக் கான்கிரீட் போடும்போது லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவைக் கண்டு தயங்காதீர்கள். கலவைக்கு மட்டுமன்று, ஆறவிடுவதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும். இப்போது சாதாரணமாக விற்கும் பி.பி.சி. சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காக்கவேண்டும்.

கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. சிமெண்டு ஷீட் வேய்ந்த லைன் வீட்டில் சித்திரை மாதத்துப் பகல் எப்படியிருக்கும் என்பதை அறிய, வீட்டுக்காரர் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்க்கவேண்டும். பகலில்தான் எல்லாரும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்களே என்று நினைப்பது தவறு. பின்னல் மெஷினில் நைட் ஷிப்டு பார்ப்பவர் தூங்குவது அந்த வேளையில்தான், பிள்ளை பெற்றவள் கிடப்பதும் அங்கேதான். ஷீட்டின் மேல் சுண்ணாம்போ வெப்பத்தை எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சோ ஆண்டுக்கொருமுறை அடிப்பது மிகச் சொற்பச் செலவில் தெளிவாக உணரக்கூடிய குளிர்ச்சியைத் தரும். அதோடு கீழே ஒரு தளமறைப்பும், சுவரின் உச்சியில் காற்றுப்போக்கியும் அமைந்தால் இன்னும் விசேஷம். பொதுச்சுவர் காரணமாகப் பின்ஜன்னல் வைக்க முடியாத லைன் வீடுகளில் காற்று வெளியேற வழியே இராது. கூரையில் காற்றால் சுழலும் உருளை ஒன்றைப் பொருத்தினால் கரண்டுச் செலவின்றி சூடு மேலேறிப் போய்விடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அதை உடைத்தாலும் அறுத்தாலும் பறக்கும் நார்த்தூசு நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துக் கொடிய வியாதியாக வெளிப்படும். நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகவே இறக்கவேண்டும். குழந்தைகளை அன்று அப்பால் அனுப்பிவிடவேண்டும்.

தார்சு வீட்டுக்கு மேல்தளத்தில் போட்ட சுருக்கியும் தட்டோடும் பழுதாகியிருந்தால், அவற்றின் மேலேயே புதிய தளம் போட்டுக் கனம் ஏற்றுவதைவிட, பழையதை எடுத்துவிட்டு, மழைநீர் ஓடும் சாய்வைச் சரிசெய்து, வெண்ணிற ஓடு பதிப்பதே உத்தமம். இதற்கு ஏற்ற காலம் தை, மாசி. நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. அந்த மழையில் ஒழுகிய இடமெல்லாம் தைக்குள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், வெயிலும் அதிகம் ஏறியிராது. தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு தென்ஜில்லாக்காரர் ஊருக்குப் போய்விடும் அந்த ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது மழைக்காலம், கொத்தனாரும் சித்தாளும்கூட ஊருக்குப் போகிறவர்களே. ஆகவே தீபாவளி விடுமுறையை உள்ளறை வேலைக்கும் குழாய் வேலைக்கும் வைத்துக்கொண்டு, கூரையைப் பொங்கலுக்கு ஒதுக்குவது அனுபவத்துக்கு ஒத்தது. எப்படியானாலும், வேலை நடக்கும் தேதியைக் குடியிருப்பவருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும். வீட்டுக்குள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போவது மரியாதை.

கக்கூசு விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். பத்துக் குடித்தனத்துக்கு இரண்டு என்று கட்டிவிட்டு, காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை வரிசையில் நிற்க வைப்பது ஜீவகாருண்யத்துக்குப் பொருந்தாது. சுமங்கலிப் பெண்ணும் வயதுவந்த பெண்ணும் இரவில் எழுந்து வெளிச்சமில்லாத கோடிக்கு நடக்க அஞ்சி, மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது வீட்டுக்காரர் காதுக்கு வராத செய்தி. மராமத்துக்கென்று வைத்திருக்கும் பணம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போதுமென்றால், அதை வீட்டுக்கொரு கக்கூசு அமைப்பதில் செலவிடுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு குடித்தனத்துக்கு ஒன்றாகப் பிரித்து, சாவியை அவர்களிடமே கொடுத்து, வழியில் இரவு முழுதும் எரியும் விளக்கொன்றைப் போடுங்கள். சாவி கையிலிருப்பவர் சுத்தமாகவும் வைத்துக்கொள்வார். செப்டிக் டேங்க் நிறைந்தால் உரிமம் பெற்ற லாரியைத்தான் அழைக்கவேண்டும். தமிழ்நாட்டில் 14420 என்ற எண் இதற்கென்றே இருக்கிறது. எக்காரணங்கொண்டும் மனிதர் எவரையும் அதற்குள் இறக்கலாகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. சாக்கடையில் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டுமென 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தொகை எதுவானாலும் போன உயிர் போனதே.

கரண்டைப் பொறுத்தவரை, பழைய லைன் வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட மெல்லிய ஒயரிலேயே இன்று இண்டக்‌ஷன் அடுப்பும் தண்ணீர் காய்ச்சும் ராடும் ஓடுகின்றன. அடுப்பு மாட்டும் பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக வரவேண்டும். வீட்டுக்கு வீடு 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத்தடுப்பான் பொருத்தவேண்டும். எர்த்து குழியில் உப்பும் கரியும் போட்டதோடு விடாமல், ஆண்டுக்கொருமுறை அளந்து பார்க்கவேண்டும். இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது: துணி உலர்த்த வாசல் ஷீட்டின் இரும்புச் சட்டத்திலிருந்து எதிர்ச்சுவருக்குக் கட்டிய கொடிக்கம்பி. சட்டத்தின்மேல் ஓடும் ஒயர் உராய்ந்து தோல் கிழிந்தால், ஈரத் துணியோடு கம்பியைத் தொடுபவள் கதி என்னவாகும்? இன்றே கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். பத்து நிமிஷ வேலை.

மீட்டரைப் பற்றி மனஸ்தாபம் இல்லாத காம்பவுண்டு அபூர்வம். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் ஐந்து குடித்தனம் ஓடினால் அந்தச் சலுகை ஒன்றாகச் சுருங்குவதோடு, மொத்த யூனிட் மேல் கட்டணப் படிக்கு ஏறி விகிதமும் உயர்ந்துவிடுகிறது. அதை சப் மீட்டர் வைத்துத் தலையில் கட்டும்போது, சிக்கனமாக இருப்பவரும் ஊதாரிக்கு ஈடாகக் கொடுக்கவேண்டியதாகிறது. கூடியவரையில் கதவுக்கு ஒரு மின் இணைப்பு வாங்கிக் கொடுத்துவிடுவதே நியாயமும் நிம்மதியும். முடியாத இடத்தில், மின்வாரியத்துக்குக் கட்டிய ரசீதையும் ஒவ்வொரு சப் மீட்டரின் எண்ணையும் வாசலில் ஒட்டிவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவரும் எண்ணைப் படிப்பார்.

“ஏனுங்கண்ணா, மெஷினு ஒண்ணு ரெண்டு போட்டுக்கட்டுமா, பீஸ் வாங்கி வீட்டுலயே தைச்சுக்கறேன்” என்று குடியிருப்பவர் கேட்பது இந்த ஊரில் சகஜம். ஒற்றைத் தையல் மெஷினைத் தடுப்பது பிழைப்பைத் தடுப்பதாகும். ஆனால் அது நாலு பவர் டேபிளும் ஓவர்லாக்குமாகப் பெருகி ஜாப் ஒர்க் நடக்கும் இடமாகிவிட்டால், வீட்டுக்குரிய மின்கட்டணமும் சொத்துவரியும் பொருந்தாமல் போகும், ஒயரும் தாங்காது, துணி அடுக்கிய அறையில் தீ ஒன்று பட்டால் தப்ப வழி இராது. எவ்வளவு வரை சம்மதம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஒப்பந்தம் என்றதும், பதினொரு மாதத்துக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைப்பது என்று நாம் பழகிவிட்டோம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த, நில உரிமையாளர், குடியிருப்போர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவாகவேண்டும் என்பது அதன் அடிப்படை. இருவரும் வேறாக எழுதிக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்பது அச்சட்டத்துக்கு விரோதம். கட்டட அமைப்பின் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. பைப்பு, வாஷர், சுவிட்சு, பூட்டு, கண்ணாடி முதலிய சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை பாக்கி என்றோ சண்டை என்றோ தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதற்கு யாருக்கும் உரிமையில்லை. மராமத்து செய்து வாடகையை உயர்த்த நினைப்பவர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: வேலை தொடங்குமுன் குடியிருப்பவரோடு எழுத்தில் சம்மதம் செய்துகொண்டால்தான், வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த உயர்வு செல்லுபடியாகும். வேலையை முடித்துவிட்டுத் தொகையைச் சொல்வது சட்டத்துக்கும் ஒவ்வாது, உறவுக்கும் ஒவ்வாது.

வெளிமாநிலத்தவருக்கு அறை விடும்போது தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். தலை கூடக் கூட வருமானம் கூடும் என்ற நிலை வந்துவிட்டால், பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப் பேரை அடைக்கும் ஆசை எவரையும் பிடித்துக்கொள்ளும். அத்தனை பேருக்கும் தண்ணீரும் கக்கூசும் போதாமல், கடைசியில் வீடே கெடும். அறைக்கு இன்ன வாடகை, இத்தனை பேர் உச்சம் என்று நிர்ணயித்து அதிலேயே நில்லுங்கள். கம்பெனியே தன் தொழிலாளருக்காக லைனை மொத்தமாக எடுக்குமானால் ஒப்பந்தம் கம்பெனியின் பேரில் இருக்கட்டும். சரக்கு, சேவை வரிப் பதிவு பெற்ற நிறுவனம் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் 2022 ஜூலை 18 முதல் அந்த வரியை நிறுவனமே நேரே செலுத்தவேண்டும். பெண்களுக்கான விடுதியாக நடத்துவதென்றால் 2014-ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். அடையாளச் சீட்டின் நகலை வாங்கிப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுப்பது தமிழருக்கும் வடவருக்கும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். அசலைப் பிடித்து வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிகள் பரவி ஊரே கலங்கியபோது, பயந்தவர் முதலில் கேட்கச் சென்றது பக்கத்திலிருந்த வீட்டுக்காரரையே. அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்து வைத்திருப்பது வீண்போகாது.

வாடகை வாங்கும் நாளும் யோசிக்கத்தக்கது. திருப்பூரில் கூலி சனிக்கிழமை கைக்கு வருகிறது. மாதம் பிறந்ததும் முதல் தேதியிலேயே வாடகை வேண்டுமென்று நெருக்குவதைவிட, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் பாக்கி நிற்பது அரிது. இயலாதவரிடம் வாரத்தவணையாக நாலு பங்கில் வாங்கினாலும் குறைவில்லை. ரசீது தவறாமல் கொடுங்கள். ஆர்டர் இல்லாமல் கம்பெனிகள் ஷிப்டைக் குறைக்கும் மாதங்களும் வரும். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகையை வற்புறுத்திக் கேட்கலாகாது என்று உத்தரவிட்டது. உத்தரவுக்குக் காத்திராமல் விட்டுக்கொடுத்த வீட்டுக்காரர்களிடம், திருப்பூர் திரும்பியதும் அதே குடித்தனங்கள் வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய மாதங்களையும் மராமத்தையும் உத்தேசித்து, பன்னிரண்டு மாத வாடகையில் இரண்டு மாதத்தைத் தொடாமல் வேறு கணக்கில் போட்டு வருவது விவேகம். வருமான வரிச் சட்டம் நகராட்சி வரியைக் கழித்த வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைக் கணக்குக் கேளாமலே தள்ளிக்கொடுக்கிறது. அந்தச் சலுகையில் ஒரு பங்காவது வீட்டுக்குத் திரும்பவேண்டும்.

புதிதாக இடம் வாங்கி லைன் கட்ட நினைப்பவர், விலை மலிவு என்று ஓடைக்கரைக்குப் போகவேண்டாம். 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையிலும் சங்கிலிப்பள்ளத்திலும் ஒரே இரவில் வந்த வெள்ளம், கரையோரக் குடியிருப்புகளில் புகுந்து உயிர்களையே கொண்டுபோயிற்று. ஏற்கெனவே அங்கே வீடு உள்ளவர்கள் தரைமட்டத்தைத் தெருவைவிட உயர்த்தி, மீட்டர்களை மார்பளவுக்கு மேல் ஏற்றி, ஐப்பசி பிறக்குமுன் சாக்கடையைத் தூர்வாரி வைக்கவேண்டும்.

ஒரு குடித்தனம் காலி செய்யும் நாளில், சாமான் ஏற்றிய வண்டி கிளம்புமுன் அவரோடு சேர்ந்தே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குடிவந்த அன்று எடுத்து வைத்த புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பைப்பு, சுவிட்சு, கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, நாளாக ஆக இயல்பாகத் தேய்ந்ததற்குக் காசு பிடிக்காமல், உடைந்ததற்கு மட்டும் கடைவிலையில் கழித்து, மீட்டர் எண்ணை இருவரும் குறித்துக்கொண்டு, அட்வான்ஸில் மீதியை அன்றே கொடுத்துவிடுங்கள். சட்டம் ஒரு மாதம்வரை அவகாசம் தருகிறது. ஆனால் புது வீட்டுக்காரருக்கு அவர் அட்வான்ஸ் கொடுக்கவேண்டியது இன்று. பிறகு அறையை ஒரு வாரம் திறந்துபோட்டு, மேற்சொன்ன வரிசைப்படி குழாயும் கக்கூசும் கூரையும் ஒயரும் பார்த்து முடித்து, கடைசியாகச் சுண்ணாம்பு அடியுங்கள்.